சித்தப்பா பதில்கள்: எந்தப் படத்தை மறுபடி எடுப்பது?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற திருமுக்கூடலுக்கு இந்த வாரம் நான்காவதாக ஓர் ஆறு வந்து சேர்ந்திருக்கிறது: உங்கள் கடிதங்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் புகைப்பட மாணவர்களுக்கு, ‘புகழ்பெற்ற படம் ஒன்றைத் தேர்ந்தெடு, அதை மறுபடி எடுத்து வா’ என்று புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்களாம். மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், புடவையைப் பறிகொடுத்தவர்கள் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். வரிசையில் வாருங்கள்.

மாணவி, பிள்ளையார்பாளையம்: சித்தப்பா, வகுப்பில் பாதிப் பேர் ‘ஆப்கன் பெண்’ படத்தைத்தான் எடுக்கிறார்கள். நானும் பச்சை நிற கான்டாக்ட் லென்ஸ் வாங்கிவிட்டேன். சரிதானே?

கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று முதலில் கேள். 1984ல் பெஷாவர் பக்கத்து நசீர் பாக் அகதி முகாமில், ஒரு கூடாரப் பள்ளிக்கூடத்தில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம் அது. 1985 ஜூன் மாத ‘நேஷனல் ஜியாகிரபிக்’ அட்டையில் வந்தது. அந்தக் கண்ணில் பச்சையை விட அதிகமாகத் தெரிவது, ஊரை விட்டு ஓடி வந்த தூரம். அது எந்த ஆப்டிகல்ஸிலும் ஸ்டாக் இல்லை.

அதே மாணவி: அப்புறம் எதைத்தான் எடுக்க?

பத்துப் படத்தை வரிசையாகப் பார். எதைப் பார்த்ததும் ‘இது நம்ம வீட்டுத் திண்ணையில் நடந்தா எப்படி இருக்கும்?’ என்று கேட்கத் தோன்றுகிறதோ, அதுதான் உன் படம். மற்ற ஒன்பதும் அடுத்த வீட்டு மாப்பிள்ளை.

மாணவன், வாலாஜாபாத்: மறுபடி எடுத்தால் அது காப்பிதானே?

அன்னபட்சியும் மல்லிமொக்கும் ருத்ராட்சமும் காஞ்சிபுரத்துத் தறிகளில் எத்தனை தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றன! ‘இது காப்பி’ என்று யாராவது கல்யாணப் புடவையைத் திருப்பிக் கொடுத்ததுண்டா? டிசைன் பழசு, கை புதுசு. கை தெரியாமல் போனால்தான் அது ஜெராக்ஸ்.

ஆசிரியை, செங்கல்பட்டு: மறுபடி எடுத்த படம் மூலத்தோடு சரிக்குச் சரி நின்றதுண்டா?

நின்றது மட்டுமா, மூலத்தைப் பார்த்துக் கேள்வியும் கேட்டது. 1930ல் கிராண்ட் வுட் வரைந்த ‘அமெரிக்கன் காத்திக்’ ஓவியத்தில், வைக்கோல் வாரும் கவைக்கோலோடு ஒருவர், பக்கத்தில் ஒரு பெண், பின்னால் ஒரு மரவீடு. (விவசாயியாக நின்றவர் வுட்டின் பல் வைத்தியர். பெண், வுட்டின் தங்கை.)

1942ல் கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர், வாஷிங்டன் அரசு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த எல்லா வாட்சனை அதே மாதிரி நேர் பார்வையில் நிறுத்தினார். வீடு இருந்த இடத்தில் அமெரிக்கக் கொடி. கவைக்கோல் இருந்த இடத்தில் துடைப்பம், மறுபக்கம் தரை துடைக்கும் மாப்பு. மாற்றியது இவ்வளவுதான் டீச்சர். ஒரு நாடு தன் வீட்டைப் பெருக்கியவரை எப்படி நடத்தியது என்பதை அந்தத் துடைப்பம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஜவுளி வியாபாரி, பெரிய காஞ்சிபுரம்: என் பெண் ரவிவர்மா ஓவியத்தைப் போட்டோவாக எடுக்கிறாள். யாராவது வழக்குப் போடுவார்களா?

ரவிவர்மா காலமானது 1906ல். ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரைதான் நம் சட்டத்தில் காப்புரிமை. வக்கீல் செலவை விளக்கு வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது நிச்சயம் தேவைப்படும்.

2020 காலண்டருக்காகச் சென்னைப் புகைப்படக்காரர் ஜி. வெங்கட்ராம் இதையேதான் செய்தார். சுஹாசினியின் ‘நாம்’ அறக்கட்டளைக்காக ரவிவர்மாவின் ஓவியங்களுக்குள் சமந்தா, ஸ்ருதி ஹாசன், ரம்யா கிருஷ்ணன், ஷோபனா எல்லோரும் போய் நின்றார்கள். ஓவியத்தில் சூரியன் ஓவியர் சொன்ன பேச்சைக் கேட்கும். ஸ்டுடியோவில் விளக்கு கேட்காது. அந்தக் காலண்டரில் நடிகைகளைப் பார்த்து முடித்த பிறகு, நிழல்களையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

நெசவாளர், சின்ன காஞ்சிபுரம்: ரவிவர்மாவை கேமராக்காரன்தான் திரும்ப எடுப்பானா? தறிக்காரன் எடுக்க மாட்டானா?

எடுத்தாயிற்று அண்ணே! 2008ல் சென்னை சில்க்ஸ் கொண்டுவந்த ‘விவாஹா’ பட்டுப் புடவையில் ரவிவர்மாவின் 11 ஓவியங்கள் இருந்தன. முந்தானையில் அந்த இசைக் கலைஞர் பெண்களின் கூட்டம். எடை 8 கிலோ, விலை சுமார் 40 லட்சம் ரூபாய். கின்னஸ் வரைக்கும் போனது. கேமரா ஒரு சொடுக்கில் செய்வதை ஊடை ஊடையாக நெய்து முடித்தார்கள். பிக்சல் பிக்சல் என்கிறார்களே, பாவும் ஊடையும் சந்திக்கிற புள்ளிக்கு அதைவிட நல்ல பெயர் ஏது?

அதே நெசவாளர்: என் பொண்ணு, நான் நெய்த புடவையை ரவிவர்மா நாயகிக்குக் கட்டணும்னு கேட்கிறா. பொருந்துமா?

புராண நாயகிகள் பலருக்கு ரவிவர்மா மராட்டியக் கட்டுப் புடவையைத்தான் கட்டிவிட்டார். அங்கே உங்கள் கோர்வைக் கரை போய் உட்கார்ந்தால் ஓவியமே நம்ம ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கும். ஒரே நிபந்தனை: படத்துக்குக் கீழே நெய்தவர் பெயர் வர வேண்டும். கேமரா மாடல், லென்ஸ் நம்பர் எல்லாம் எழுதுகிற பிள்ளைகள், அப்பா பெயர் எழுத ஒரு வரி ஒதுக்கட்டும்.

மாணவி, ஓரிக்கை: மாடல் கிடைக்கவில்லை. நானே நின்று நானே எடுக்கலாமா?

தாராளமாக. பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா 2000க்கும் 2004க்கும் இடையில் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் படங்களை ஒரு வரிசையாகத் திரும்ப எடுத்தார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், வெள்ளைக்காரர்கள் அளவுக் கட்டத்துக்கு முன் நிறுத்திய பழங்குடிப் பெண், ஜெயலலிதாவின் சினிமா ஸ்டில், எல்லா வேடமும் அவரே. அன்றைக்கு ஒரு பெண்ணை அளந்தார்கள். இன்றைக்கு அதே கட்டத்துக்கு முன்னால் இன்னொரு பெண் தானே வந்து நின்று நம்மை அளக்கிறார். டைமரை 10 செகண்டில் வைத்துக்கொள்; ஓடிப்போய் நிற்கும்போது கொசுவம் தடுக்கப் போகிறது.

மாணவி, உத்திரமேரூர்: ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ எடுக்க ஆசை. முத்துத் தோடு வாங்கக் காசில்லை.

வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த அந்த ஓவியத்தில் இருப்பதே முத்துதானா என்று அறிஞர்களுக்குள் சண்டை. அவ்வளவு பெரிய முத்து ஏது, கண்ணாடியோ தேய்த்த தகரமோ என்கிறார்கள். உன் பாட்டியின் ஜிமிக்கியைக் கேள். ஆவோல் எரிஸ்கு 2009ல் அதே படத்தைக் கறுப்பினப் பெண்ணை வைத்து, மூங்கில் மாடல் வளையத் தோட்டோடு எடுத்துப் பேர் வாங்கினார்.

காசு வேண்டாம், ஜன்னல் வேண்டும். இடது பக்கம் ஒன்றே ஒன்று. மற்றதை எல்லாம் மூடு. பின்னால் ஆறடி தள்ளிக் கறுப்புத் துணி. தலையில் அப்பாவின் பட்டு அங்கவஸ்திரம். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி தோளுக்கு மேல் திரும்பு. நிஜமாகவே ஒரு ஆளை விட்டுக் கூப்பிடச் சொல். முதல் திரும்பலில்தான் முகம் உண்மை பேசும். மூன்றாவது தடவை பாஸ்போர்ட் போட்டோ.

மாணவன், ஐயன்பேட்டை: மூலப் படத்தில் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அது ஜன்னலின் முகவரி. அது தெரியாவிட்டால் மூக்கு நிழலைப் பார். நிழல் விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விளக்கு. பிறர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது. வெளிச்ச விஷயத்தில் மூக்கைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மாணவன், அரக்கோணம்: கறுப்பு வெள்ளைக்கு ஃபில்டர் போட்டால் போதாதா?

1954ல் வந்த ‘அந்த நாள்’ பார்த்துவிட்டு வா. எஸ். பாலசந்தர் இயக்கம், மாருதி ராவ் ஒளிப்பதிவு. பாட்டே கிடையாது; நிழல் நடிக்கிறது. ஃபில்டர் நிறத்தை உருவும், அவ்வளவுதான். நிழலுக்கு வேலை கொடுக்க வேண்டியவன் நீ.

மாணவன், தாம்பரம்: தமிழ்நாட்டையே புரட்டிப்போட்ட படம் ஒன்று சொல்லுங்கள்.

கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டார். அடுத்த மாதம் தேர்தல். ஆஸ்பத்திரிப் படம் போஸ்டராகிச் சுவரெல்லாம் ஏறியது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். மைக் பிடிக்காத வாய், ஊர் ஊராகப் பேசியது.

ஆனால் நீ உன் மாமாவின் கழுத்தில் பேண்டேஜ் சுற்றி எடுத்தால், ‘பைக்ல விழுந்துட்டாரா?’ என்றுதான் கேட்பார்கள். போஸ்டர் ஒட்டிய சுவரை எடு, அதற்கு முன்னால் நிற்கிற ஒரு தாயின் முகத்தை எடு. அந்தப் படத்தின் பலம் கட்டுப் போட்டவரிடம் பாதி, பார்த்தவரிடம் பாதி.

கட்சித் தொண்டர், காஞ்சிபுரம்: அண்ணா பிறந்த ஊர்ப் பிள்ளைகள் அண்ணாவை எடுக்காவிட்டால் எப்படி?

நியாயம். 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மவுண்ட் ரோட்டில் திறந்த அந்த ஒற்றை விரல் சிலை, அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. ஆள் உயரம் குறைவு. கூட்டத்துக்கு அப்படியா தெரிந்தார்? கேமராவை முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தவர் கண் உயரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். அண்ணா தானாக வளருவார்.

மாணவன், திண்டிவனம்: மீசையை மையால் வரைந்தால் பாரதி வந்துவிடுவாரா?

மை வரும். பாரதி வர வேண்டுமென்றால் பள்ளிக்கூடச் சுவரோவியத்தை விட்டுவிட்டு அசல் புகைப்படங்களைப் பார். விரல் விட்டு எண்ணிவிடலாம். 1919ல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனபோது எடுத்தது அதில் ஒன்று. காலண்டர்க்காரர்கள் அவர் கன்னத்துக்குச் சதை வைத்துவிட்டார்கள். அசலில் இருக்கிற ஒட்டிய கன்னத்தைத் தேடு.

மாணவன், செய்யாறு: அப்படியானால் வள்ளுவரின் அசல்?

கே.ஆர். வேணுகோபால் சர்மாவின் மனசு. அந்த ஓவியம் 1964ல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. அதிலிருந்து வள்ளுவர் என்றால் அந்த முகம்தான். தாத்தாவைத் தாடி வளர்க்கச் சொல்கிறாயா? இன்றைக்கே சொல். புராஜெக்ட் கெடு தாடிக்குத் தெரியாது.

மாணவன், முத்தியால்பேட்டை: தாத்தா இன்னும் தறியில் உட்காருகிறார். காந்தி ராட்டினப் படம் மாதிரி எடுக்கலாமா?

வா ராஜா! இந்த வாரத்துத் தபாலில் இதுதான் தங்க ஜரிகை.

1946ல் ‘லைஃப்’ பத்திரிகைக்காக மார்கரெட் போர்க்-ஒயிட் எடுத்த படம். போனவுடன் கேமராவைத் தூக்க விடவில்லை. ‘ராட்டினத்தைப் படம் பிடிக்க வேண்டுமா, முதலில் நூற்கக் கற்றுக்கொள்’ என்றுவிட்டார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். உள்ளே போனால் காந்திக்கு அன்று மௌன நாள். பிளாஷ் பல்பு மூன்றுதான் அனுமதி. இரண்டு சொதப்பி, மூன்றாவதில் படம் விழுந்தது. இந்தக் காட்சியையே 1982ல் வந்த ‘காந்தி’ சினிமாவில் கேண்டிஸ் பெர்கனை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். மறுபடி எடுப்பது உன் வாத்தியார் கண்டுபிடித்த வியாதி இல்லை.

படத்தை உற்றுப் பார். ராட்டினம் முன்னால் பெரிதாக இருக்கிறது. காந்தி அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருக்கிறார். நூற்கவே இல்லை! ஆனாலும் நூற்கிற மனிதர் என்று உலகத்துக்கே புரிந்துவிட்டது.

அதனால் நீயும் ஒரு நாள் முழுக்கத் தாத்தாவின் குழித்தறியில் காலை விடு. நாடாவைத் தள்ளு, மிதியை மிதி. கோர்வைக்குப் பக்கத்து ஆளாக உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடு. இழை அறுந்தால் திட்டு வாங்கு. மறுநாள் தறியை முன்னால் வை, தாத்தாவைப் பின்னால் பேப்பர் படிக்க விடு. மூன்றே சொடுக்கு. நாலாவது எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

மாணவன், மதுராந்தகம்: போர், பஞ்சம் படங்களுக்கு மார்க் அதிகமாம். தம்பியைக் கிள்ளி அழவைத்து எடுக்கலாமா?

தம்பி சார்பில் முதலில் உனக்கு ஒரு கிள்ளு. 1984ல் விஷவாயு கசிந்த போபாலில், மண்ணுக்குள் போகிற ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராய் எடுத்தார். நடந்ததை மறைக்க முடியாதபடி செய்த படம் அது. அதைத் திரும்ப எடுத்து நீ யாருக்கு எதைச் சொல்லப் போகிறாய்? அந்த முகத்துக்கு அம்மா அப்பா இருந்தார்கள். இந்த வரிசைப் படங்களை அப்படியே ஒதுக்கி வைத்துவிடு. இதில் சித்தப்பாவிடம் இரண்டாவது பேச்சு கிடையாது.

மாணவர்கள் நால்வர், பழையசீவரம்: வானளாவிய கட்டடத்தின் இரும்பு உத்திரத்தில் 11 பேர் உட்கார்ந்து சாப்பிடும் படம். பாலாற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எடுக்கப் போகிறோம்.

இறங்குங்கள் கீழே! 1932ல் நியூயார்க்கில் 69ஆவது மாடியில் எடுத்தது அது. கட்டடத்துக்கு விளம்பரம் தேட ஏற்பாடு செய்த படம். உட்கார்ந்தவர்கள் அந்த உயரத்திலேயே பிழைத்த இரும்பு வேலைக்காரர்கள். நீங்கள் கேண்டீனில் பிழைப்பவர்கள்.

தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு பலகை. கேமராவை மணலில் படுக்க வை. பின்னால் வானம் மட்டும் தெரியட்டும். உயரத்தைக் கோணம் கொடுக்கும். வீட்டுக்குச் சாப்பிட முழுசாகப் போகலாம்.

மாணவர்கள், காந்தி ரோடு, காஞ்சிபுரம்: பீட்டில்ஸ் சாலையைக் கடக்கும் படம் எங்கள் ரோட்டில்?

1969 ஆகஸ்ட் 8, லண்டன் அபி ரோடு. புகைப்படக்காரர் இயன் மக்மில்லன் நடுரோட்டில் ஏணி போட்டு ஏறினார், போலீஸ் போக்குவரத்தை நிறுத்தியது, பத்து நிமிடத்தில் ஆறே படம். முகூர்த்த சீசனில் காந்தி ரோட்டில் ஏணி போட்டால் கல்யாண வீட்டார் உங்களையும் வேனில் ஏற்றிப் புடவைக் கடையில் இறக்கிவிடுவார்கள். விடிகாலையில் வரதர் சன்னதித் தெருவுக்குப் போங்கள். படத்தில் வெறுங்காலோடு நடந்தவர் ஒரே ஒருவர், பால் மக்கார்ட்னி. அங்கே நீங்கள் நால்வருமே அப்படி நடக்கலாம்.

மாணவி, ராணிப்பேட்டை: செல்போன் கேமரா போதுமா?

போதும். ஆனால் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டாதே, மூக்கு முதலில் வந்து நிற்கும். நாலு அடி பின்னால் போ, இரண்டு மடங்கு ஜூம் வை. முகம் தன் அளவுக்குத் திரும்பும்.

அப்பா, ஸ்ரீபெரும்புதூர்: ஏஐயிடம் சொன்னால் ஒரு நொடியில் வரைந்து தருகிறதே. இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

ஒரு நொடியில் படம் வரும், மார்க் வரும். பையன் வர மாட்டான். பாவு நூல் அறுந்தால் எங்கே அறுந்தது என்று தடவிக் கண்டுபிடிக்கிற விரல், தடவித் தடவித்தான் வரும்.

அம்மா, பிள்ளையார்பாளையம்: என் முகூர்த்தப் புடவையைப் பொண்ணு பின்னணித் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறாள்!

குண்டூசி குத்தாமல் இருந்தால் மன்னியுங்கள். குத்தியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அடுத்த வாரப் பதில் முழுக்க அவளுக்குத்தான்.

மாணவன், விழுப்புரம்: புகழ்பெற்ற படம் என்றால் வெளிநாடும் சினிமாவும்தானா?

உன் மாவட்டத்துப் பனைமலைக்குப் பஸ் ஏறு. ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயிலின் சுவரில் குடை நிழலில் ஒரு பார்வதி, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் அவன் காலத்து ஓவியச் சிதறல்கள் உண்டு. 1931ல் ழுவோ துப்ராய் என்ற அறிஞர் கண்டெடுத்தார். இன்ஸ்டாகிராமில் சுவரில் சாய்ந்து கால் மடிக்கிறார்களே, அந்த போஸுக்கு வயது 1300.

மாணவி, திருமுக்கூடல்: எல்லா ஊருக்கும் ஒன்று சொன்னீர்கள். நம்ம ஊரில் ஒன்றுமே இல்லையா சித்தப்பா?

உன் கடிதத்துக்காகத்தான் கடைசி இடத்தைக் காலியாக வைத்திருந்தேன். லின்னேயஸ் ட்ரைப் என்று ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனார். விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் பார்த்தார். ஒரு படத்தில் அடங்காது. துண்டு துண்டாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மெழுகு தோய்த்த காகிதம்தான் நெகட்டிவ். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற ஊரில் அவர் குனிந்து எழுத்தைப் பார்த்தார்.

இப்போது நம்ம அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குப் போ. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அந்தச் சுவரில் இருக்கிறது. வேதம் படித்த மாணவர்களுக்கு விடுதி, நோயாளிகளுக்கு ஆதுலர் சாலை. படுக்கை 15. வைத்தியர் கோதண்டராம அசுவத்தாம பட்டர். அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்று கணக்கு, மருந்துகளின் பட்டியல், எல்லாம் கல்லில். ஊரே அந்தச் சுவர் ஓரமாக நடந்துபோய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பி வருகிறது.

தஞ்சாவூருக்கு ட்ரைப் செய்ததைத் திருமுக்கூடலுக்கு நீ செய். எடுத்துக் கொண்டுபோய் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் மாட்டு.

அதே மாணவி: எழுத்து மங்கலாக இருக்கிறது. சாக்பீஸ் தேய்க்கலாமா?

கையை ஒடிப்பேன். சாக்பீஸ், மாவு, எண்ணெய், எதுவும் கல்லைத் தொடக் கூடாது. வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும் நேரத்துக்குக் காத்திரு. எழுத்தின் பள்ளமெல்லாம் நிழல் நிரம்பித் தானாகப் படிக்கக் கொடுக்கும். வெயில் வராத மூலையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க ஒரு தோழி.

தரையில் சுவருக்கு இணையாக ஒரு நூலைக் கட்டு, அந்த நூலை விட்டு விலகாமல் நகர்ந்து எடு. ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட வேண்டும். எக்ஸ்போஷரை ஒரே அளவில் பூட்டிவிடு. முக்காலி வைக்க வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் முன்னாலேயே அனுமதிக் கடிதம் வாங்கு.

அதே மாணவி: மாட்டுப் பொங்கல் அன்று எடுக்கட்டுமா?

பார்வேட்டைக்கு வரதரே காஞ்சியிலிருந்து வந்து ஆற்றைக் கடக்கிற நாளில் உன் நூலை யார் தாண்டாமல் போவார்கள்? அன்றைக்குக் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வா, சேர்ந்து சேவிக்கலாம்.

அதே மாணவி: கடைசிக் கேள்வி. ட்ரைப் 21 படம் ஒட்டினார். நான் எத்தனை?

15. படுக்கைக்கு ஒன்று.